நிக்காம போற ரோட்டுல கொஞ்சம் நில்லுங்க



இன்று மருந்து, மாத்திரை, சர்க்கரை அளவு எதுவும் இல்லை. ஒரு ரோட்டைப் பற்றி எழுதப் போகிறேன். இழை கொஞ்சம் நீளம். பனியன் ஊர்க்காரங்களுக்கு நீளமான இழை ஒண்ணும் புதுசில்லையே, பொறுமையா படிங்க.

நீலாம்பூர் தெரியும்தானே? திருப்பூரிலிருந்து அவிநாசி, கருமத்தம்பட்டி வழியாகக் கோவை போகிறவர்கள் எல்லாருக்கும் அங்கே ஒரு கேள்வி வரும். நேராகப் போனால் ஊருக்குள். இடது பக்கம் திரும்பினால் பைபாஸ். பாலக்காடு, கொச்சி போகிறவர்கள் திரும்பிவிடுவார்கள். எல் அண்ட் டி பைபாஸ் என்றுதான் எல்லாரும் சொல்வோம். நீலாம்பூரில் தொடங்கி திருச்சி ரோடு, பொள்ளாச்சி ரோடு எல்லாவற்றையும் குறுக்கே வெட்டிக்கொண்டு மதுக்கரையில் போய்ச் சேரும். சுமார் 28 கி.மீ. அந்த 28 கி.மீ.-இல் போனால் கோவை நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை.

1990-களின் கடைசியில், தனியார் கட்டி, சுங்கம் வசூலித்துக்கொள்ளும் முறையில் போட்ட ரோடு. அந்த முறையில் நம் நாட்டில் முதல் முதலாக வந்த சாலைகளில் ஒன்று. அன்றைக்கு அது பெரிய விஷயம். லாரிகள் காந்திபுரத்துக்கும் உக்கடத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. அந்த வகையில் கோவைக்காரர்கள் அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

திருப்பூருக்கும் இது நம்ம ரோடுதான். நம் ஊர்ச் சரக்கு தூத்துக்குடிக்கு ஒரு பக்கம் போகிறது, கொச்சிக்கு ஒரு பக்கம் போகிறது. கொச்சி வல்லார்பாடம் போகிற கண்டெய்னர் பெருமாநல்லூரிலோ அவிநாசியிலோ தேசிய நெடுஞ்சாலை 544-இல் ஏறி (பழைய ஆட்களுக்கு 47-ஆம் நம்பர் ரோடு), நீலாம்பூரில் திரும்பி, இந்தப் பைபாஸ் வழியாகத்தான் போகும். ஐரோப்பாவில் ஒருவர் கடையில் எடுத்துப் போடும் டி-சர்ட் இந்த 28 கி.மீ.-ஐத் தாண்டிப் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சரி, டாக்டருக்கு ரோட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள்.

எனக்கு இரண்டு பைபாஸ் தெரியும். ஒன்று இதயத்துக்குப் பண்ணுவது. ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால், அதைச் சுற்றிக்கொண்டு போக வேறொரு குழாயை ஒட்டவைப்பார்கள். அதில் ஒரு அடிப்படை விதி உண்டு. புதுசாக ஒட்டவைக்கிற குழாய், வருகிற ரத்தத்தைத் தாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் பைபாஸ் பண்ணியும் பிரயோஜனமில்லை.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள். செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர் வரை ஆறு வழிச் சாலை. நடுவில் தடுப்பு. வண்டிகள் நூறில் பறக்கும். நீலாம்பூரில் திரும்பினால் இந்தப் பைபாஸ் இரண்டு வழியாகப் போட்ட ரோடு. போக ஒன்று, வர ஒன்று. நடுவில் தடுப்புச் சுவருக்குப் பதிலாக ஒரு வெள்ளைக் கோடு. மதுக்கரை தாண்டினால் மறுபடியும் நான்கு வழி. ஆறு, இரண்டு, நான்கு. இதயத்தில் யாராவது இப்படிக் குழாய் ஒட்டவைத்தால் நான் அந்த ஆபரேஷன் தியேட்டர் பக்கமே நோயாளியை அனுப்ப மாட்டேன்.

ரோடு சுருங்கினது ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும். கால் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளாது. ஒரு மணி நேரம் வேகமாக ஓட்டிப் பழகிய மூளைக்கு 60 என்பது ஊர்ந்து போகிற மாதிரித் தெரியும். முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனால் ஓவர்டேக் பண்ணச் சொல்லும். எதிரே ஒரு வண்டி வருகிறது, நீங்கள் 80, அவர் 80. இரண்டு பேரும் நெருங்கும் வேகம் 160. இடையில் 300 மீட்டர் இருந்தால் உங்களுக்கு இருப்பது ஏழு வினாடிகூட இல்லை. ஒரு கொட்டாவி விட்டு முடிக்கிற நேரம்.

வேகம் என்பதை நம் ஊரில் எண்ணாகத்தான் பார்க்கிறோம். நான் மாடியாகப் பார்ப்பேன். நீங்களும் ஒருமுறை பாருங்கள். 40 கி.மீ. வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவது, சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி மேலே இருந்து விழுவதற்குச் சமம். 60 என்றால் 14 மீட்டர், நாலு மாடிக்கும் மேலே. 80 என்றால் 25 மீட்டர், எட்டு மாடி. வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. எட்டாவது மாடிச் சுவரில் ஏறி நின்று செல்போனில் மெசேஜ் படிப்பீர்களா? 80-இல் வண்டி ஓட்டும்போது படிக்கிறோமே.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு விபத்தில் மூன்று மோதல் நடக்கிறது. முதல் மோதல், வண்டியும் வண்டியும். இரண்டாவது, உடம்பும் வண்டியும். நெஞ்சு ஸ்டியரிங்கில், தலை கண்ணாடியில், பைக்காரர் தார் ரோட்டில். மூன்றாவது மோதல் வெளியே தெரியாது. உடம்பு நின்றுவிட்டது, உள்ளே இருக்கும் உறுப்புகள் நிற்கவில்லை. மூளை மண்டையோட்டில் மோதும். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி ஒரு இடத்தில் முதுகெலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும், அந்த இடத்தில் இழுபட்டுக் கிழியலாம். இடது விலா எலும்புக்கு அடியில் இருக்கும் மண்ணீரல் வெடிக்கலாம்.

அதனால்தான் எங்கள் காதில் அடிக்கடி விழும் அந்த வாக்கியம்: "நல்லா பேசிட்டுத்தானுங்க டாக்டர் இருந்தாரு."

ஆமாம், பேசுவார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசியும்போது ஒருவர் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு, வீட்டு நம்பரைச் சரியாகச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மயங்குவார். மண்ணீரல் கிழிந்தவர் "வயிறு லேசா வலிக்குது" என்பார், அதற்குள் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமல், தொடைக்குள்ளேயே ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ரத்தம் தேங்கும். நம் உடம்பில் இருப்பதே சுமார் ஐந்து லிட்டர். இரண்டு லிட்டர் போனால் உயிருக்கு ஆபத்து.

ஆகவே அடிபட்டவர் பேசுகிறார் என்பதற்காக "ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பேசிக்கொண்டிருக்கிற அந்த நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. முதல் ஒரு மணி நேரத்தை நம் மோட்டார் வாகனச் சட்டமே தனியாக வரையறுத்து வைத்திருக்கிறது. சட்டத்திலேயே கடிகாரம் வைத்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு முக்கியம் பாருங்கள்.

இனி தூக்கத்துக்கு வருவோம்.

2020 பிப்ரவரி 20. திருப்பூர் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மேல். பெங்களூருவிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்து அவிநாசி பக்கம் வரும்போது, எதிர்த்திசையில் டைல்ஸ் ஏற்றி வந்த கண்டெய்னர் லாரி நடுத்தடுப்பைத் தாண்டி வந்து மோதியது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்தது என்று முதலில் பேசிக்கொண்டார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்ததுதான் காரணம் என்று பின்னர் விசாரித்தவர்கள் சொன்னார்கள்.

கவனியுங்கள், அது நடுவில் தடுப்பு உள்ள அகலமான ரோடு. அங்கேயே அப்படி என்றால், வெறும் வெள்ளைக் கோடு மட்டும் இருக்கிற ரோட்டில் கண்ணயர்ந்தால்?

நம் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நள்ளிரவு 2 மணிக்கும் விடியல் 6 மணிக்கும் நடுவில் அது நம்மைக் கீழே இழுக்கும். டீ குடித்தாலும், முகம் கழுவினாலும், பாட்டுப் போட்டாலும் இழுக்கும். அந்த நேரத்தில் மூன்று நான்கு வினாடி வரும் குட்டித் தூக்கம் வந்தவருக்கே தெரியாது. 80 கி.மீ. வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டர். நான்கு வினாடிக்கு 88 மீட்டர். அவ்வளவு தூரமும் ஓட்டுநர் இல்லாத வண்டி.

17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 100 மி.லி.-க்கு 50 மி.கி. ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் உச்ச அளவு 30 மி.கி. அதாவது, ஒரு சொட்டுக் குடிக்காமலேயே போதையில் ஓட்டுகிறோம். ஊதச் சொன்னால் மிஷின் பூஜ்யம்தான் காட்டும்.

இதை நம் ஊர்க் கணக்கில் போடுகிறேன். ஒரு பனியன் கம்பெனி டெய்லர். காலையில் ஐந்தரைக்கு எழுந்து, சமைத்து, பிள்ளையைக் கிளப்பி, எட்டரைக்கு உள்ளே போகிறார். ஷிப்மென்ட் அவசரம், ஒன்றரை ஷிப்ட். இரவு எட்டரை ஒன்பதுக்கு வெளியே. அவசரம் இன்னும் அதிகம் என்றால் ரெண்டு ஷிப்ட், அதாவது ராத்திரி ஒரு மணி. அப்போது அவர் எழுந்து பத்தொன்பதரை மணி நேரம் ஆகியிருக்கும். அதற்கப்புறம் பைக்கை எடுத்துக்கொண்டு இருட்டில் பதினைந்து கிலோமீட்டர். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்துதான் வீடு.

எதிரே கண்டெய்னர் ஓட்டி வருகிறவரும் அதே கணக்குத்தான். அதே ஷிப்மென்ட், அதே அவசரம். ஒரே ஆர்டரின் இரண்டு முனைகள் அந்த இருட்டில் சந்திக்கின்றன.

கம்பெனி நடத்துகிற நண்பர்கள் நிறைய பேர் இதைப் படிப்பீர்கள். ராத்திரி ஷிப்ட் விட்டால் வேன் வையுங்கள். வேன் டிரைவருக்குத் தூங்க ஒரு கட்டில் போடுங்கள். லாரி கிளம்பும் நேரத்தை இரண்டு மணி நேரம் தள்ளிவைக்க முடியுமென்றால் தள்ளிவையுங்கள். டெலிவரி தேதி தவறினால் தள்ளுபடி கேட்பார்கள், கஷ்டம்தான், தெரியும். ஆனால் அது திரும்பச் சம்பாதிக்கக் கூடிய நஷ்டம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

ஊருக்குள் ஒருவர் விழுந்தால் என்ன நடக்கும்? டீக்கடைக்காரர் ஓடி வருவார். ஆட்டோ ஸ்டேண்டில் இருந்து நாலு பேர் வருவார்கள். "நம்ம செல்வி அக்கா பையன்டா" என்று ஒருவர் அடையாளம் சொல்வார். பத்து நிமிடத்தில் வீட்டுக்குத் தகவல் போய்விடும்.

பைபாஸில் விழுந்தால்? அங்கே எல்லாரும் எங்கிருந்தோ எங்கேயோ போகிறவர்கள். அவர்களுக்கு அது ஒரு ஊரே இல்லை. எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லக்கூடத் தெரியாது. நிற்காமல் போவதற்காகவே போட்ட ரோடு அது. அதனால் அங்கே விழுகிறவர் யாருக்கும் சொந்தமில்லாதவர் ஆகிவிடுகிறார்.

இது நம் ஊர் மனுஷங்க கெட்டவங்க என்பதால் இல்லை. ரோட்டின் குணம் அப்படி. இத்தாலியில் ரோம் நகரைச் சுற்றி ஒரு வட்டச் சாலை உண்டு, 68 கி.மீ. 1940-களின் கடைசியில் ஆரம்பித்து, முழு வட்டமாகச் சேர 1970 ஆகிவிட்டது. ஆரம்பத்தில் அதுவும் ஒடுங்கிய ரோடுதான். வண்டிகள் பெருகப் பெருக அகலப்படுத்தி, இன்று ஒவ்வொரு திசையிலும் மூன்று தடம். சுங்கமும் கிடையாது. அந்தச் சாலையைப் பற்றி 'சாக்ரோ க்ரா' என்று ஒரு ஆவணப்படம் வந்தது. 2013-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருதை வாங்கியது. அந்த விருதை வாங்கிய முதல் ஆவணப்படம் அதுதான்.

அதில் ஒரு ஆம்புலன்ஸ் ஊழியர் வருவார். ராத்திரியில் அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவதுதான் அவர் வேலை. சாலைக்குப் பக்கத்திலேயே ஆற்றில் விலாங்கு மீன் பிடிப்பவர், பனை மரங்களைப் பூச்சி தின்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு விஞ்ஞானி, இப்படிச் சில மனிதர்களும். வண்டியில் போகிறவர்களுக்கு அது வெறும் ரோடு. ஓரத்தில் வாழ்கிறவர்களுக்கு அதுதான் ஊர். படம் அதை ஒன்றும் பெரிதாக விளக்காது, காட்டும், அவ்வளவுதான்.

நம் பைபாஸும் அப்படித்தான். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் தோட்டம் இருக்கிறவர்கள் உண்டு. ஒரு பக்கம் தறி, மறுபக்கம் ரேஷன் கடை. லாரிக்காரருக்கு நெடுஞ்சாலை, அவர்களுக்கு அது தெரு. தினமும் நாலு தடவை குறுக்கே கடக்கிறார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பெயரும் இடமும் வேண்டாம்.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். ஒரு சின்ன டெம்போ கேசுவாலிட்டி வாசலில் வந்து நின்றது. பின்னால் கட்டிங் பீஸ் மூட்டைகள். நடுவில் ஒரு பையன், இருபது வயதுக்குள். ஒடிசாக்காரன். நிட்டிங் கம்பெனியில் வேலை. நெடுஞ்சாலை ஓரமாக நடந்து போனவனை ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடையில் ஆழமான வெட்டு, காலில் எலும்பு முறிவு.

அந்தக் காயத்தின் மேல் வெள்ளை பனியன் துணியை மடித்து மடித்து வைத்து, மேலே இன்னொரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. டெம்போ டிரைவர் பண்ணின வேலை. மூட்டையைப் பிரித்து உள்ளே இருந்து எடுத்திருக்கிறார். கூட வந்த லோடுமேன் தம்பி வழியெல்லாம் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். முதலில் 108-க்குத்தான் போன் பண்ணியிருக்கிறார்கள். எந்த இடம் என்று கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. ரத்தம் நிற்கவில்லை, அதனால் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

டெம்போக்காரர் ஐம்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் ரத்தம். நாங்கள் பையனை உள்ளே எடுத்துக்கொண்டு போன பிறகும் அவர் வாசலிலேயே நின்றார்.

"உட்காருங்கண்ணா, டீ குடிக்கறீங்களா?"

"வேண்டாமுங்க டாக்டர். என்ற பேர எழுதிக்குவீங்களா?"

"நீங்க சொன்னா எழுதிக்கறோம், சொல்லலைன்னா இல்ல. கட்டாயம் ஒண்ணும் கிடையாதுங்கண்ணா."

"போலீஸு கேஸுன்னு அலைய வெக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க. நீங்க இப்பவே கிளம்பலாம்."

கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மொதலாளிக்கிட்ட பீஸு கொறையுதுன்னு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க" என்றார். அடுத்து உடனே, "அந்தப் பையன் பொழச்சுக்குவானுங்களா?"

பையனின் போன் லாக் ஆகியிருந்தது. தமிழ் அவனுக்கு அவ்வளவாக வராது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றோம். கடைசியில் அவன் பையில் இருந்த கம்பெனி அடையாள அட்டையைப் பார்த்து, அந்த டெம்போக்காரர்தான் தனக்குத் தெரிந்த நாலு பேருக்குப் போன் போட்டு, சூப்பர்வைசரைத் தேடிப் பிடித்தார். அவர் வந்து சேர மணி இரண்டு. அதுவரை இவர் அங்கேயே இருந்தார். ஒடிசாவில் இருக்கும் ஒரு அம்மாவுக்குப் பதிலாக.

பையன் பிழைத்தான். காலில் ராடு வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று நடக்க. அவனைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால், நாங்கள் பண்ணினது எல்லாம் சரிதான், ஆனால் அந்தத் துணியை அழுத்தாமல் வந்திருந்தால் எங்களிடம் வேலையே இருந்திருக்காது.

டெம்போக்காரர் பயந்ததுபோலத்தான் நம்மில் பலர் பயப்படுகிறோம். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவர்களைக் காக்கும் வழிகாட்டு நெறிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு வந்துவிட்டது. நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர் மேல், அடிபட்டவருக்கு என்ன ஆனாலும், சிவில் வழக்கும் போட முடியாது, கிரிமினல் வழக்கும் போட முடியாது. உங்கள் பெயர், முகவரியைச் சொல்லியே ஆக வேண்டும் என்று போலீசும் கட்டாயப்படுத்த முடியாது, மருத்துவமனையும் கட்டாயப்படுத்த முடியாது. பணம் கட்டச் சொல்லவும் முடியாது.

அடுத்தது செலவு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை. காப்பீட்டு அட்டை வேண்டாம். அடிபட்டவர் தமிழ்நாட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒடிசாவோ பீகாரோ நேபாளமோ, நம் ரோட்டில் அடிபட்டால் நம் பொறுப்பு. தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை இருந்தது, பிறகு இரண்டு லட்சமாக உயர்த்தப்பட்டது. 2025 மே மாதம் முதல் மத்திய அரசும் ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா சிகிச்சைத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது.

முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்து உயிர் காத்தவருக்கு மத்திய அரசு வெகுமதியும் தருகிறது. 2021-இல் 5,000 ரூபாய், 2025-இல் 25,000 ஆக்கினார்கள். அதற்காக யாரும் நிற்கப் போவதில்லை. ஆனால் நின்றதற்காகத் தண்டனை கிடையாது, மரியாதைதான் என்று அரசே சொல்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

இனி, நின்றுவிட்டீர்கள். என்ன செய்வது? இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் நீங்கள் அடிபடாதீர்கள். வண்டியை ரோட்டை விட்டு முழுசாக இறக்கி நிறுத்துங்கள். நாலு இண்டிகேட்டரையும் போடுங்கள். கூட ஒருவர் இருந்தால், சற்றுப் பின்னால் ரோட்டு ஓரமாகப் போய் நின்று செல்போன் டார்ச்சை ஆட்டட்டும். பைபாஸில் இரண்டாவது விபத்து முதல் விபத்தின் மேலேயே நடக்கும்.

2. 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-ம் உண்டு. இடம் கேட்பார்கள். "பைபாஸ்ல சார்" என்றால் 28 கிலோமீட்டரில் எங்கே என்று தேடுவார்கள்? ஓரத்தில் கிலோமீட்டர் கல் இருக்கும், அதில் உள்ள எண்ணைப் படியுங்கள். எந்தப் பக்கம் போகிற தடம் என்று சொல்லுங்கள். கல் தெரியவில்லையென்றால் செல்போன் மேப்பில் இடத்தைப் பாருங்கள்.

3. மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். வாயில் ரத்தமோ வாந்தியோ இருந்தால், தலை, கழுத்து, உடம்பு மூன்றையும் ஒரே கட்டையாக, ஒன்றாக ஒருக்களித்துத் திருப்புங்கள்.

4. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்துங்கள். நின்றதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் மேலேயே இன்னொன்றை வையுங்கள்.

5. ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். மூச்சுவிட முடியாத நிலை என்றால் மட்டுமே கழற்ற வேண்டும், அதுவும் ஒருவர் கழுத்தைத் தாங்க, இன்னொருவர் மெதுவாக. மற்றபடி முன் கண்ணாடியைத் திறந்துவிட்டால் போதும்.

6. தண்ணீர், சோடா, காபி எதுவும் வேண்டாம். மயங்கும் நேரத்தில் அது நுரையீரலுக்குள் போகும்.

7. தீ, வெள்ளம் மாதிரி ஆபத்து இருந்தாலொழிய ஆளை மடக்கி ஆட்டோவில் திணிக்காதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு மடக்கில் கால் இரண்டும் போய்விடும். வேறு வழியே இல்லை, தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு பேர் சேர்ந்து, படுத்த வாக்கிலேயே தூக்குங்கள்.

நீங்கள் அடிபடுகிறவராக இருந்தால்? அதற்கும் இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். செல்போனில் லாக் எடுக்காமலே தெரிகிற மாதிரி அவசரத் தொடர்பு எண் போடும் வசதி எல்லாப் போனிலும் இருக்கிறது. இரண்டு நம்பர் போட்டு வையுங்கள். உங்கள் கம்பெனியில் வடமாநிலத் தம்பிகள் இருந்தால் அவர்களுக்கும் போட்டுக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஹெல்மெட் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை என்றாலும் ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறேன். பைக் விபத்தில் ஹெல்மெட் மரணத்தை 42 சதவீதமும், தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் மண்டைதான், தேங்காய் இல்லை. முகவாய்ப் பட்டையை மாட்டாத ஹெல்மெட் தலைக்கு முன்னாடி பறந்து போய்விடும்.

சரி, எல்லாம் நம் தலையில்தானா? ரோட்டுக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது.

2022-இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 36 சதவீதம் பேர் தேசிய நெடுஞ்சாலைகளில். மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கோ 2 சதவீதம் அளவுக்குத்தான். இறந்தவர்களில் 44 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த வருஷம் விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம், 64,105. மரணம் 17,884. இத்தனை பேருடைய தலையெழுத்தும் அந்த 2 சதவீத ரோட்டில்தான் எழுதியிருக்கும் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் எங்கள் பாஷையில் அதற்குக் காரணம் தேடுவோம். விதி என்று கேஸ் ஷீட்டில் எழுத முடியாது.

கோவைப் பைபாஸை அகலப்படுத்த வேண்டும், கிராமச் சாலைகள் குறுக்கிடும் இடங்களில் சுரங்கப்பாதை வேண்டும், விளக்கு வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் அந்தச் சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கைக்கு வந்து, ஆறு சுங்கச்சாவடிகளில் ஐந்து மூடப்பட்டு, மதுக்கரை மட்டும் மிஞ்சியது. அன்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். சுங்கத்தைப் பற்றி நாம் பேசிய அளவில் பாதியாவது நடுத்தடுப்பைப் பற்றிப் பேசினால் நல்லது.

மேற்குப் பக்கமும் வட்டத்தை முடிக்கும் வேலை நடக்கிறது. மைல்கல்லில் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கி.மீ. மேற்குப் புறவழிச்சாலை. 2023-இல் மாதம்பட்டி வரையிலான முதல் கட்ட வேலை ஆரம்பித்தார்கள். வரட்டும், வேண்டியதுதான். அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ரோடு போகப் போகிறது என்றால், பாலம் எங்கே, சுரங்கப்பாதை எங்கே, பள்ளிக்கூடப் பிள்ளை எந்த வழியாகக் கடக்கும் என்று இப்போதே கிராம சபையில் கேளுங்கள். ரோடு போட்டு முடித்த பிறகு கேட்டால், ஒரு பிணத்தை வைத்துக்கொண்டு மறியல் பண்ணித்தான் கேட்க வேண்டியிருக்கும். அப்படிக் கேட்டு வந்த பாலங்கள் நம் நாட்டில் ஏற்கனவே நிறைய இருக்கின்றன.

வேகத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால், உயிர்ப்பலி விபத்தின் ஆபத்து நான்கு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. திருப்பிப் போட்டால், கொஞ்சம் குறைத்தாலே நிறைய மிச்சம். 28 கி.மீ.-ஐ 80-இல் போனால் 21 நிமிடம். 60-இல் போனால் 28 நிமிடம். வித்தியாசம் ஏழு நிமிடம். எட்டு மாடிக்கும் நாலு மாடிக்கும் நடுவில் இருக்கும் விலை அவ்வளவுதான்.

அந்த ஏழு நிமிடத்தை வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது ஒரு ராத்திரி, ஓரத்தில் ஒரு பைக் சாய்ந்து கிடந்து, பக்கத்தில் யாரோ கிடந்தால், அதைச் செலவு பண்ணுங்கள். முதலில் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள்.

இந்த இழையை ராத்திரி வண்டி ஓட்டுகிற ஒருவருக்காவது அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், டூட்டி முடிந்ததும் பதில் சொல்கிறேன்.

பார்த்துப் போங்க.